மலை உச்சிக் குட்டைச் செடிகள் ஏன் இலை உதிர்ப்பதில்லை?

பனி உறையும் மலைகளில் முழங்கால் உயரப் புதர்கள் வருடம் முழுக்கப் பச்சையாகவே இருக்கின்றனவே, அந்த இலை குளிரை எப்படித் தாங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

குளிரைவிட அதற்குப் பெரிய எதிரி வறட்சி. எனக்கே இது போர்னியோ தீவில் இருக்கும் கினபாலு மலைக்குப் போனபோதுதான் உறைத்தது. சிங்கப்பூரிலிருந்து இரண்டரை மணி நேர விமானம், அப்புறம் 4,095 மீட்டர் மலை. இறங்கும்போது, 3,668 மீட்டரில் இருக்கும் சயாட் சயாட் சாவடிக்குப் பக்கத்தில் முழங்கால் வலியில் உட்கார்ந்துவிட்டேன். பாறை வெடிப்பில் ஒரு புதர். அதன் பெயரும் சயாட் சயாட்தான். இலை சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை, தோல் மாதிரி தடிப்பு. தேசியப் பூங்கா என்பதால் பறிக்கக் கூடாது. கிளையை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். ஓரமெல்லாம் கீழ்ப்பக்கமாகச் சுருண்டிருந்தது, அடியில் பட்டு போல ரோமம்.

சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் மூங்கில் கழியில் துணி காயப் போடுகிறோமே, வெயிலே இல்லாவிட்டாலும் காற்றடித்தால் காய்ந்துவிடும். துணியை ஒட்டி நிற்கும் ஈரத்தைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. இலைக்கும் அதே கதிதான். சுருண்ட ஓரமும் ரோமமும் அந்த ஈரத்தை இலைத்துளைகளின், அதாவது இலை நீராவியை வெளியே விடும் நுண்துளைகளின், வாசலிலேயே பிடித்து வைக்கின்றன.

ஆல்ப்ஸில் தரையோடு படரும் லாய்சலூரியா இன்னும் கெட்டிக்காரச் செடி. இலையின் அடியில் நடுநரம்புக்கு இருபுறமும் ரோமம் நிறைந்த பள்ளம், துளைகள் அதற்குள் ஒளிந்திருக்கும். அங்கே குளிர்காலக் கடைசியில் வெயில் இலையைச் சூடாக்கும், ஆனால் வேரைச் சுற்றி மண் உறைந்து கிடக்கும். இலையிலிருந்து தண்ணீர் போகும், கீழேயிருந்து வராது. கினபாலுவில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. இரவில் உறைபனி, பகலில் சுள்ளென்று வெயில், பெய்யும் மழையோ கருங்கல்லில் வழிந்து ஓடிவிடும்.

சரி, இத்தனை பாடுபடுவதற்கு இலையை உதிர்த்துவிடலாமே? ஆல்ப்ஸ் உச்சியில் கோடை இரண்டு மூன்று மாதம்தான். மண்ணில் சத்தும் குறைவு. வருடா வருடம் புது இலை தயாரிக்கக் கட்டுப்படியாகாது. பழைய இலையே இருந்தால் பனி உருகியதுமே வேலையைத் தொடங்கிவிடலாம்.

ஊட்டிப் பக்கம் போனால் காட்டுப் பூவரசின் (ரோடோடென்ட்ரான்) இலையைத் திருப்பிப் பாருங்கள். அது மரம்தான், குட்டைச் செடி இல்லை. ஆனாலும் அடியில் அதே மாதிரி ரோமப் போர்வை போர்த்தியிருக்கும்.