மெயின்ஃப்ரேம் சாஃப்ட்வேர் வாங்கும் நிறுவனங்கள் எதைப் பார்த்து முடிவெடுக்கின்றன?

ஒரு வங்கியின் மெயின்ஃப்ரேமில் (கணக்கு வழக்கெல்லாம் ஓடும் பெரிய மையக் கணினியில்) சிஸ்டம்ஸ் புரோகிராமராகப் பல வருடம் வேலை பார்த்தேன். வாங்கும் முடிவு என் கையில் இல்லை. ஆனால் வெண்டர் டெமோ காட்டிவிட்டுப் போனதும், "இது நமக்குச் சரிப்பட்டு வருமா?" என்று எங்கள் குழுவைத்தான் கேட்பார்கள்.

டெமோவில் காட்டும் வசதிகள் அவ்வளவு முக்கியமில்லை. பாதுகாப்புக்கு ராக்ஃப், ஏசிஎஃப்2, டாப் சீக்ரெட். வேலைகளை நேரப்படி, வரிசைப்படி தானாக ஓடவிடும் ஜாப் ஷெட்யூலருக்கு கன்ட்ரோல்-எம், சிஏ-7. எல்லாமே பல பத்தாண்டுகள் ஓடித் தேறியவை. விலை எதைப் பொறுத்து ஏறும் என்பதுதான் முதல் கேள்வி.

ஐபிஎம்மின் மெயின்ஃப்ரேம் இயங்குதளமான இசட் ஓஎஸ், பரிவர்த்தனைகளைக் கையாளும் சிஐசிஎஸ் போன்றவற்றின் மாதக் கட்டணத்தில் பரவலாக உள்ள முறை இது: நான்கு மணி நேர சிபியு சராசரியைத் தொடர்ந்து கணக்கிட்டு, அந்த மாதத்தில் அது தொட்ட உச்சத்துக்குப் பணம் வாங்குவார்கள். மாதக் கடைசியில் ஒரே ஒரு ராத்திரி பேட்ச் (மொத்தமாக ஓடவிடும் வேலைகள்) எகிறினாலும் மாதம் முழுக்க அந்தக் கணக்குதான். 2019-இல் மொத்தப் பயன்பாட்டை வைத்துக் கணக்கிடும் முறையையும் கொண்டுவந்தார்கள். மற்ற வெண்டர்களில் பலர் இயந்திரத்தின் முழுத் திறனுக்கே லைசென்ஸ் போடுவார்கள். டிபி2 டேட்டாபேஸுக்காக இயந்திரத்தைப் பெரிதாக்கினால், அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சின்ன யூட்டிலிட்டிக்கும் கூடுதல் பணம் கேட்டு வருவார்கள்.

அதனால் அடுத்த கேள்வி, இந்த சாஃப்ட்வேரே எவ்வளவு சிபியு தின்னும்? சில வகை வேலைகளுக்கு மட்டுமென ஐபிஎம் 2006-இல் கொண்டுவந்த ஸிப் ப்ராசசரில் ஓடும் வேலை ஐபிஎம் சாஃப்ட்வேர் கட்டணத்தில் சேராது. ஆகவே "எவ்வளவு பங்கு ஸிப்புக்குப் போகும்?" என்று விடாமல் கேட்க வேண்டும்.

அப்புறம் லைசென்ஸ் கீ. பல சாஃப்ட்வேர்களின் கீ, சிபியு சீரியல் எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். ஒருமுறை பேரிடர் ஒத்திகையில் மாற்று மையத்தில் எல்லாம் எழுந்துவிட்டது, ஒரே ஒரு சாஃப்ட்வேர் மட்டும் எழவில்லை. அந்த இயந்திரத்துக்கான கீயை வெண்டர் தரவே இல்லை. நடுராத்திரி அவர்கள் சப்போர்ட்டைப் பிடிக்கவே இரண்டு மணி நேரம் ஆனது. நிஜப் பேரிடராக இருந்திருந்தால்? அதற்குப் பிறகு மாற்று மையத்துக் கீயும் 24 மணி நேர சப்போர்ட்டும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இல்லாமல் நான் சரி சொன்னதே இல்லை.

வெண்டர் கைமாறுவதையும் யோசிக்க வேண்டும். 2018-இல் பிராட்காம், சிஏ-7 போன்றவற்றை விற்ற சிஏ நிறுவனத்தை 18.9 பில்லியன் டாலருக்கு வாங்கியது. 2020-இல் இன்னொரு மெயின்ஃப்ரேம் சாஃப்ட்வேர் நிறுவனமான கம்ப்யூவேர், கன்ட்ரோல்-எம் விற்கும் பிஎம்சி வசம் போனது. அப்படி வாங்கிய நிறுவனம், நம் லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது என்ன விலை சொல்லும்? ஷெட்யூலரை மாற்றுவதென்றால் ஆயிரக்கணக்கான ஜாப்களின் முன்பின் தொடர்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கலாம். வெண்டருக்கும் இது நன்றாகவே தெரியும். அதனால் புதுப்பிப்பு விலைக்கு உச்சவரம்பை முதல் ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுங்கள். கையெழுத்து போடுவதற்கு முன்பு உங்கள் சொந்த டெஸ்ட் எல்பாரில் (மெயின்ஃப்ரேமுக்குள் தனியாகப் பிரித்து வைத்த பகுதியில்), மாதக் கடைசி பேட்சின் அளவுக்கு வேலை கொடுத்து ஓட்டிப் பாருங்கள். அதற்கு இழுத்தடிக்கிற வெண்டரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.