துருக்கிக் கடற்கரையில் பத்து இரவுகளை அவசரமில்லாமல் கழிக்க எப்படித் திட்டமிடுவது?

கேள்வியில் இருப்பவை: இரண்டு பேர், பத்து இரவு, கார் எடுக்கும் எண்ணம் இல்லை, கடலும் கொஞ்சம் பழைய இடிபாடுகளும் போதும், தினமும் பெட்டி கட்டக் கூடாது.

முதல் வேலையாக இஸ்தான்புல்லையும் கப்படோக்கியாவையும் இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பத்து இரவில் அவற்றையும் சேர்த்தால் கடற்கரைக்கு நான்கு நாள்தான் மிஞ்சும், அதிலும் ஒன்றரை நாள் பேருந்தில் போய்விடும். தென்மேற்கில் ஃபெத்தியே முதல் அந்தல்யா வரையுள்ள கரை மட்டும் போதும், லிசியா என்ற பழைய நாடு இருந்த இடம். ஃபெத்தியேயில் 3 இரவு, காஷில் 4, சிராலியில் 2, கடைசி ஓர் இரவு அந்தல்யாவில். தலமான் விமான நிலையத்தில் இறங்கி அந்தல்யாவிலிருந்து கிளம்புங்கள். மேற்கிலிருந்து கிழக்கே ஒரே திசையில் போவதால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. போக ஒரு விமான நிலையம், வர ஒன்று என்று பதிவு செய்தாலும் கட்டணம் பெரும்பாலும் அதிகம் மாறாது.

இந்தக் கரையில் எல்லாரும் ஏமாறும் இடம் வரைபடம். ஃபெத்தியேயிலிருந்து காஷ் சுமார் 105 கிலோமீட்டர்தான், ஆனால் மினிபஸ்ஸில் இரண்டரை மணி நேரம் ஆகும். வழியில் கல்கான் என்ற ஊரைத் தாண்டியதும் சாலை மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகும். வாந்தி வரும் உடம்பு என்றால் முன் இருக்கை பிடியுங்கள், மாத்திரையை அரை மணி முன்னதாகப் போடுங்கள். காஷிலிருந்து அந்தல்யா 190 கிலோமீட்டர் சொச்சம், மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. அதனால்தான் ஊர் மாறும் நாளில் வேறு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள் என்கிறேன்.

இன்னொன்று, ஃபெத்தியே பேருந்து நிலையத்தில் வெறுமனே "அந்தல்யா" என்று டிக்கெட் கேட்டால் மலைக்கு உள்பக்கமாகப் போகும் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அது குறுக்கு வழி, மூன்றரை மணி நேரத்தில் அந்தல்யா போய்விடும், ஆனால் காஷ் அந்தப் பாதையிலேயே இல்லை. "சாஹில்" என்று சொல்லுங்கள், கடற்கரை வழி என்று பொருள். உள்வழிக்கு "யாய்லா" என்பார்கள்.

இந்த ஊர்களுக்கு நடுவே ஓடும் சிறு வண்டிக்குத் தோல்முஷ் என்று பெயர், "நிரம்பியது" என்று பொருள். பெயருக்கேற்றபடி நிரம்பத்தான் ஓடும். போகும் ஊர்ப்பெயர் முன்கண்ணாடியில் இருக்கும். காசை முன்னால் இருப்பவர் தோளைத் தொட்டுக் கொடுத்தால் கை மாறி ஓட்டுநரிடம் போகும், மீதியும் அதே வழியில் வந்து சேரும். இறங்க "இநெஜெக் வார்" என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் போதும். லிரா சில்லறை கையில் இருக்கட்டும். இரண்டு பெரிய பெட்டியோடு வருபவர்களுக்கு இந்த வண்டிகளில் இடம் கஷ்டம், ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டிதான் சரி.

எப்போது போவது? மே நடுவிலிருந்து ஜூன் நடு வரை, இல்லையென்றால் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். நமக்கு அது பெரிதில்லை என்று தோன்றும், ஆனால் நிழலே இல்லாத கல் மேட்டில் ஏறும்போது தெரியும். அறை வாடகையும் அந்த இரண்டு மாதம்தான் உச்சம். மே மாதத்தில் கடல் 21 டிகிரியை ஒட்டி இருக்கும், மெரினாத் தண்ணீருக்குப் பழகிய உடம்புக்கு அது குளிர்தான். அக்டோபர் தொடக்கத்தில் 25 டிகிரி, கோடை முழுக்கச் சூடேறிய தண்ணீர். நீந்த வேண்டும் என்றால் இலையுதிர் காலம், நடக்க வேண்டும் என்றால் வசந்தம். நவம்பருக்குப் பிறகு மழை, பாதி விடுதிகள் மூடிக் கிடக்கும். பக்ரீத் விடுமுறை வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், துருக்கி முழுக்கக் கடற்கரைக்கு வந்துவிடும். அது ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். 2027-இல் மே 16 வாக்கில் வருகிறது.

ஃபெத்தியே ஊருக்குள் தங்குங்கள், பக்கத்துக் கடற்கரை ஊரான ஓலுதெனிஸில் வேண்டாம். ஓலுதெனிஸ் படத்தில் இருக்கும் நீலக் காயல் அழகுதான், ஆனால் ஊர் முழுக்கச் சுற்றுலாக் கடைகள். ஃபெத்தியேயில் செவ்வாய்க்கிழமைச் சந்தை உண்டு, அத்திப்பழம், ஆலிவ், பாலாடைக்கட்டி எல்லாம் அங்கே வாங்கிக்கொள்ளலாம். மீன் சந்தை இன்னும் வசதி. நடுவில் மீன் கடைகள், சுற்றிலும் உணவகங்கள். மீனை எடை போட்டு வாங்கி, பிடித்த உணவகத்தில் கொடுத்தால் சுட்டுத் தருவார்கள், சமைக்கும் கூலி தனி. உட்காரும் முன்பே தலைக்கு எவ்வளவு, அதில் சாலட்டும் ரொட்டியும் சேர்த்தியா என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் உட்கார்ந்தால் மேசைக்கு வரும் சின்னத் தட்டுகள் எல்லாம் பில்லில் ஏறும்.

ஒரு நாள் முழுவதும் காயாகோய்க்கு. கிரேக்கர்கள் லெவிசி என்று அழைத்த ஊர். 1923-இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்டபோது காலியானது. கூரையில்லாத கல்வீடுகள் மலைச்சரிவு முழுக்க நிற்கின்றன. காலையில் தோல்முஷில் அங்கே போய், ஊரைச் சுற்றிவிட்டு, பாறைகளில் வண்ணக் கோடு போட்டுக் காட்டிய மலைப்பாதை வழியாக ஓலுதெனிஸுக்கு நடந்து இறங்கலாம். இரண்டு, இரண்டரை மணி நேரம். பைன் மரங்களுக்கு நடுவே போய், ஒரு திருப்பத்தில் காயல் முழுதும் கீழே தெரியும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும், வழியில் கடை கிடையாது. இறக்கத்தில் கல் உருளும், செருப்பில் போகாதீர்கள். கீழே காயல் பூங்காவுக்குக் கட்டணம் உண்டு, வெளியே உள்ள பெல்ஜெகிஸ் கடற்கரைக்கு இல்லை. ஆனால் அங்கே இரண்டு அடி வைத்தாலே ஆழம், நீச்சல் தெரியாதவர்கள் காசு கொடுத்து உள்ளே போவதே மேல். பாபாதா மலையிலிருந்து பாராகிளைடிங் போக ஆசை இருந்தால் முதல் நாள் காலையிலேயே பதிவு செய்யுங்கள். காற்றால் ரத்தானாலும் மாற்று நாள் கையில் இருக்கும்.

காஷ்தான் இந்தப் பயணத்தின் நடுப்பகுதி. அங்கே மணல் கிடையாது, இதைத் தெரியாமல் வந்து முகம் சுளிப்பவர்கள் அதிகம். பாறையில் மரத்தளம் போட்டு, ஏணி வைத்து, அதிலிருந்து கடலில் இறங்குவார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருப்பதற்கும் மணல் இல்லாததுதான் காரணம். பாறை இடுக்கில் கடல் முள்ளெலி உண்டு, ரப்பர் கடல்காலணி கட்டாயம் வேண்டும். சாயங்காலம் ஊர் விளிம்பில் உள்ள பழைய அந்திஃபெல்லோஸ் அரங்கத்தின் மேல்படியில் போய் உட்காருங்கள். டிக்கெட் இல்லை, கடல் நேரே எதிரில். வெள்ளிக்கிழமை இங்கே சந்தை.

காஷில் நான்கு இரவு என்றால் நடுவில் மூன்று முழு நாள். ஒன்றைச் சும்மா விடுங்கள். ஒன்று இடிபாடும் மணலும் உள்ள பதாராவுக்கு, ஒன்று நீரில் அமிழ்ந்த பழைய ஊர் உள்ள கெகோவாவுக்கு.

பதாராவுக்குக் காலையில் போவதுதான் வழக்கமான தப்பு. இடிபாடுகளைப் பார்த்து முடிப்பதற்குள் உச்சி வெயில், பிறகு கடற்கரையில் ஒதுங்க ஒரு மரம் இல்லை. கோடையில் காஷிலிருந்து கல்கான் வழியாக மினிபஸ் ஓடும். மூன்று மணிக்கு அங்கே இருக்கும்படி போங்கள், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே ஓட்டுநரிடம் கேளுங்கள். லிசிய நகரங்கள் ஒன்றுகூடி வாக்களித்த சபை மண்டபத்தைத் திருத்திக் கட்டியிருக்கிறார்கள். பெரிய நகரத்துக்கு மூன்று வாக்கு, நடுத்தரத்துக்கு இரண்டு, சிறியதற்கு ஒன்று என்பது அவர்கள் கணக்கு. அந்தப் படிகளில் உட்கார்ந்து பார்த்துவிட்டு மணலுக்குப் போகலாம். கரெட்டா என்னும் கடலாமைகள் முட்டையிடும் கரை இது, அதனால் பருவத்தில் இரவு நேரம் மூடிவிடுவார்கள். கம்பிக்கூண்டு வைத்த இடம் ஆமைக்கூடு, அதன் பக்கத்தில் குடை நடாதீர்கள்.

கெகோவாவுக்குக் காஷ் துறைமுகத்திலிருந்தே காலை பத்து மணி வாக்கில் படகுகள் கிளம்பும். திரும்பி வரும்போது மதியக் காற்று எழும்பி ஆட்டம் போடும். அது ஒத்துக்கொள்ளாதவர்கள் உச்சாஸ் கிராமம் வரை சாலையில் போய் அங்கே படகேறும் பயணத்தை எடுங்கள், விரிகுடாவுக்குள்ளேயே சுற்றுவதால் அலை குறைவு. நிலநடுக்கத்தில் அமிழ்ந்த பழைய ஊரின் படிகளும் சுவர் அடிகளும் நீருக்குள் தெரியும். அதன் மேல் நீந்தத் தடை, படகு மெதுவாக ஓரமாகப் போகும், அவ்வளவுதான். "மூழ்கிய நகரத்தில் நீச்சல்" என்று யாராவது விற்றால் வேறு குடாவில்தான் இறக்கிவிடுவார்கள். எதிரே கலேகோய் கிராமத்தில் கோட்டை வரை ஏறுங்கள். ஆழமில்லாத தண்ணீரில் தனியாக நிற்கும் கல் சவப்பெட்டி கரையிலிருந்தே தெரியும்.

காஷுக்கு எதிரே கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் தீவு மெய்ஸ், கிரேக்கர்கள் சொல்வது காஸ்டெலோரிஸோ. படகில் அரை மணிகூட இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இங்கே யோசிக்க வேண்டும். தீவுக்குள் கால் வைக்க ஷெங்கன் விசா வேண்டும். அது இருந்தாலும், துருக்கி மின்விசா ஒருமுறை நுழைவுக்குத்தான். காலையில் தீவுக்குப் போனால் அந்த விசா முடிந்த கணக்கு, புது விசா இல்லாமல் சாயங்காலம் திரும்பி வர வழி இல்லை.

விசா என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியர்களுக்கு 30 நாள் மின்விசா கிடைப்பது அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஷெங்கன் நாடுகளில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ வசிப்புரிமையோ இருந்தால்தான். அந்த ஆதார விசாவே மின்விசாவாக இருந்தால் ஏற்கமாட்டார்கள். எதுவும் இல்லை என்றால் விண்ணப்ப மையம் வழியாகப் பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசா, அதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். இஸ்தான்புல் வழியாகத் தலமான் போகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். அந்த ஊருக்கு இரண்டு பெரிய விமான நிலையம், ஒன்று ஐரோப்பியப் பக்கம், சபிஹா கோக்சென் ஆசியப் பக்கம். மலிவு என்று உள்நாட்டு டிக்கெட்டை மற்றதிலிருந்து போட்டுவிட்டால் நடுவில் நகரம் முழுக்கக் கடக்க வேண்டும், இரண்டு மணி நேரம் அதற்கே போகும்.

குலெத் என்னும் மரப்படகில் ஃபெத்தியேயிலிருந்து மூன்று இரவு, நான்கு நாள் போகும் பயணமும் உண்டு. அதை எடுத்தால் காஷை ஓர் இரவாகக் குறையுங்கள், இரண்டையும் முழுதாகத் திணிக்காதீர்கள். "ஃபெத்தியே–ஒலிம்போஸ்" என்று விற்பார்கள், ஆனால் சிராலிக்குப் பக்கத்திலுள்ள ஒலிம்போஸில் துறைமுகம் இல்லை. படகு தெம்ரே என்ற ஊரருகே நிற்கும், மீதி சாலையில். கேபின் சின்னது, கோடையில் புழுக்கம், பலர் மேல்தளத்தில் மெத்தை போட்டுத்தான் தூங்குவார்கள். பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை: மொத்தம் எத்தனை பேர், குடிதண்ணீர் விலையில் சேர்த்தியா, இரவில் ஜெனரேட்டர் ஓடுமா, சைவச் சாப்பாடு உண்டா.

சைவம் கஷ்டமில்லை, ஆனால் "எத்சிஸ்", அதாவது இறைச்சி இல்லாமல், என்று கேட்டால் கோழி போட்டுக் கொண்டுவருவார்கள். பலருக்கு அது இறைச்சிக் கணக்கில் வராது. "தாவுக்" வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். மெர்ஜிமெக் என்ற பருப்பு சூப் நம் வாய்க்குப் பிடிக்கும், சில இடத்தில் எலும்புச் சாற்றில் வைப்பார்கள், கேட்டுவிட்டுக் குடியுங்கள். கீரையோ உருளைக்கிழங்கோ வைத்துத் தகட்டில் சுடும் கோஸ்லெமே எங்கும் கிடைக்கும். பெயரைக் கேட்டு ஒதுக்க வேண்டாத ஒன்று சீ கொஃப்தே. ஆதியில் பச்சை இறைச்சி, இன்று கடைகளில் விற்பது உடைத்த கோதுமையும் மிளகாய் விழுதும் பிசைந்தது. இலையில் வைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள், நல்ல காரம்.

சிராலிக்கு அந்தல்யா போகும் வண்டியில் ஏறி, நெடுஞ்சாலைச் சந்திப்பில் இறங்க வேண்டும். அங்கிருந்து கீழே 7 கிலோமீட்டர், மினிபஸ் ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். விடுதியில் முன்பே சொன்னால் வந்து கூட்டிப்போவார்கள். ஒலிம்போஸுக்கு இறங்கும் சாலை வேறு, சந்திப்பும் வேறு. கடற்கரையில் இரண்டுக்கும் நடை தூரம்தான், சாலையிலோ மேலே ஏறிச் சுற்ற வேண்டும். பலகையைப் பார்த்து இறங்குங்கள். கிராமத்தில் பணம் எடுக்கும் எந்திரத்தை நம்பாமல் காஷிலேயே லிரா எடுத்துக்கொள்ளுங்கள். எந்திரம் "ரூபாயில் கழிக்கட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று அமுக்குங்கள், அந்த மாற்றுவிகிதம் எப்போதும் நஷ்டம்.

இருட்டும் நேரத்தில் யானர்தாஷ் போங்கள். பாறை வெடிப்புகளிலிருந்து மீத்தேன் கசிந்து, பகலும் இரவும் தானாக எரியும் இடம். நுழைவாயிலிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் படியும் சரிவுமாக ஏற்றம், விளக்கு கிடையாது. கைபேசி வெளிச்சம் போதாது, டார்ச் கொண்டுபோங்கள். அந்தி மங்குகையில் ஏறி இருட்டில் இறங்குவது நல்லது, ஏறும் படிகளையாவது பார்த்து வைக்கலாம்.

கடைசி இரவுக்கு அந்தல்யாவின் பழைய நகரம் கலெய்ச்சி. உருளைக்கல் பாவிய சந்துகளில் பெட்டிச் சக்கரம் உருளாது, டாக்ஸியும் உள்ளே எல்லா இடத்துக்கும் வராது. ஆகவே ஹட்ரியன் வாயிலுக்குப் பக்கத்தில் அறை பாருங்கள். வாயிலிலிருந்து சில நிமிட நடையில் உள்ள இஸ்மெத்பாஷா நிறுத்தத்தில் ஏறினால் டிராம் விமான நிலையம் வரை போகிறது, ஏறும் முன் பலகையில் "ஹவாலிமானி" என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எல்லா டிராமும் அங்கே போகாது.