எல்டன் ரிங் வீடியோ கேம்: மார்கிட் என்ற பாஸ் (பெரிய எதிரி) தடியை ஓங்கியதும் தப்பிக்க உருண்டாலும் அடி விழுகிறது என்றால்

ஓங்கும்போது உருளாதீர்கள், தடி கீழே இறங்கத் தொடங்கும் நொடியில் உருளுங்கள். பின்பக்கமாக வேண்டாம், அவனை ஒட்டிப் பக்கவாட்டில்.

உருண்டும் அடி விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம்தான். மார்கிட் தடியை அந்தரத்தில் நிறுத்தி வைப்பான். நீங்கள் உருண்டு எழும்போதுதான் இறக்குவான். கையைப் பார்க்காதீர்கள், தடியின் நுனியைப் பாருங்கள்.

எக்விப் லோடையும் (ஏந்தி, அணிந்திருப்பவற்றின் எடை) சரிபாருங்கள். தாங்கக்கூடிய எடையில் 70 சதவீதத்தைத் தொட்டாலே உருளல் மந்தமாகிவிடும். ஹெல்மெட்டையோ கேடயத்தையோ கழற்றிப் பாருங்கள்.

ஆயுதம் இன்னும் +3 நிலைக்கு மேம்படுத்தப்படவில்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். சாதாரண ஆயுதத்துக்கு முதல்நிலை ஸ்மித்திங் ஸ்டோன் (ஆயுதத்தை மேம்படுத்தும் கல்) மொத்தம் 12 போதும். தொடக்கப் பகுதியான லிம்கிரேவின் சுரங்கத்தில் கிடைக்கும்; அதே பகுதியிலுள்ள எல்லே தேவாலயத்திலேயே ஆயுதத்தின் நிலையை ஏற்றிக்கொள்ளலாம்.

பாட்சஸ் என்ற வியாபாரி விற்கும், மார்கிட்டைக் கட்டிப்போடும் விலங்கை (Margit's Shackle) மட்டும் நம்பிப் போகாதீர்கள். அவனை அது பிடித்து வைப்பது சண்டையின் முதல் கட்டத்தில்தான்.