கடலூர் மேயர் விஷயத்தில் ஊரே ஏன் இரண்டாகப் பேசுகிறது? பிடிக்காத மேயரை மாற்ற வழி இருக்கிறதா?

மாற்றுவது பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வாக்காளர்களான நம்மால் முடியாது. 45 வார்டு கவுன்சிலர்களில் 36 பேர் ஒன்று சேர்ந்தால் முடியும். நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற மொத்த இடங்களில் ஐந்தில் நான்கு பங்கு ஓட்டு வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்களில் ஐந்தில் நான்கு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கணக்கு அப்படி இல்லை. வராதவரும், ஓட்டுப் போடாதவரும் மேயர் பக்கம் நின்றதாகத்தான் ஆகும்.

இது எவ்வளவு கடினம் என்பதற்கு மற்ற ஊர்களே சாட்சி. நெல்லையில் 2024 ஜனவரியில் மேயருக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். கூட்ட நாளன்று கவுன்சிலர்கள் யாரும் வரவில்லை, தீர்மானம் விழுந்தது. அதே ஆண்டு ஜூலையில் காஞ்சிபுரத்திலும் இதே கதை. கையெழுத்துப் போடும்போது இருக்கும் வேகம், தலைமையிலிருந்து போன் வந்ததும் அடங்கிவிடும். நெல்லை மேயர் 2024 ஜூலையில் பதவி விலகியது கட்சி சொல்லித்தான் என்று ஊர் பேசியதே தவிர, மன்றத்தில் அவர் தோற்கவில்லை. விதிவிலக்கும் உண்டு. சங்கரன்கோவில் நகராட்சியில் 30 வார்டு. 2025 ஜூலையில் கட்சி பேதம் பார்க்காமல் கவுன்சிலர்கள் கைகோத்துத் தலைவரை இறக்கியே விட்டார்கள்.

இனி ஊர் ஏன் இரண்டாகப் பேசுகிறது என்பது. பாதிக் காரணம் மேயர் வந்த வழியிலேயே இருக்கிறது. கடலூர் 1866 முதல் நகராட்சி, மாநகராட்சியானது 2021-இல். முதல் மேயர் பதவி பொதுப் பிரிவுப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2022 பிப்ரவரி 19 அன்று நாம் ஓட்டுப் போட்டது கவுன்சிலருக்கு மட்டும். மார்ச் 4 அன்று கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். தி.மு.க. தலைமை அறிவித்தவர் சுந்தரி ராஜா. அவரை எதிர்த்து அதே கட்சியிலிருந்தே இன்னொரு கவுன்சிலர் நின்றார். தலைமை அறிவித்தவர்தான் ஜெயித்தார், ஆனால் அந்தப் பிளவு ஊருக்கே தெரிந்துவிட்டது. கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதாகக் கடலூர் எம்.எல்.ஏ.வே கட்சியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டார். முதல் நாளே இப்படி ஆரம்பித்தால், அதன்பின் குப்பை வண்டி ஒரு நாள் வராவிட்டாலும் அதை யார் கோஷ்டி, எந்த வார்டு என்றுதான் ஊர் பார்க்கும்.

"கட்சி சொன்னதை மீறி ஓட்டுப் போட்டவங்க பதவி போகாதா?" என்று அப்போது பலர் கேட்டார்கள். போகாது. கட்சித் தாவல் தடைச் சட்டம் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும்தான். கேரளம் உள்ளாட்சிக்கும் தனிச் சட்டம் வைத்திருக்கிறது, தமிழ்நாட்டில் அப்படி எதுவும் இல்லை. அதோடு இது ரகசிய ஓட்டு. கட்சியால் ஆளை நீக்க முடியும், கவுன்சிலர் பதவியைப் பறிக்க முடியாது. மறைமுகத் தேர்தல் வந்தாலே கவுன்சிலர்களை வேனில் ஏற்றி விடுதிக்குக் கொண்டுபோகும் வழக்கம் இந்த ஓட்டையில் முளைத்ததுதான்.

நேரடித் தேர்தல் இருந்திருந்தால் இந்தச் சண்டை வந்திருக்காது என்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் இந்த முறை மாறி மாறித்தான் வந்திருக்கிறது. 1996, 2001 நேரடி, 2006 மறைமுகம், 2011 மறுபடி நேரடி, 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம். எந்தக் கட்சிக்கு எப்போது எது வசதியோ அது. ஆனால் நேரடி முறையில் வேறு வினை இருக்கிறது. மேயர் ஒரு கட்சி, மன்றப் பெரும்பான்மை இன்னொரு கட்சி என்று ஆனால் ஒரு தீர்மானமும் நகராது.

புதுச்சேரியில் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே கடைசியாக நகராட்சித் தேர்தல் நடந்தது 2006-இல், அதற்கு முன் 1968-இல். 2011-க்குப் பிறகு கவுன்சிலரே கிடையாது, ஆணையர் நிர்வாகம்தான். 2014-இல் இடிந்து விழுந்த மேரி கட்டடத்தை, அதாவது பழைய நகராட்சிக் கட்டடத்தை, அச்சு அசலாகக் கட்டி 2021-இல் திறந்தாகிவிட்டது. உள்ளே உட்கார நகராட்சித் தலைவர்தான் இல்லை. திட்டுவதற்காவது நமக்கு ஓர் ஆள் இருக்கிறார்.

அடுத்தது, எந்தத் திட்டு நியாயம், எது முகவரி தப்பிப் போவது என்று பார்க்கலாம்.

சொத்து வரி: 2022 ஏப்ரலில் வரி ஏறியதும் "மேயர் வந்த ஒரு மாசத்துல வேலையக் காட்டிட்டாங்க" என்ற பேச்சு எழுந்தது. அந்த உயர்வு மாநில அரசின் முடிவு. வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். கடைகளுக்கு 100 சதவீதம். கடலூர் என்றில்லை, எந்த ஊர் மேயராலும் இதை மறுத்திருக்க முடியாது. மன்றத்தில் வைத்தது சம்பிரதாயம். ஆனால் உங்கள் வீட்டை 1,150 சதுர அடிக்குப் பதில் 1,250 என்று அளந்து எழுதியிருந்தால் அது உள்ளூர்த் தவறு. 50 சதவீதம் 75 ஆவது அங்கேதான். வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு என்று கவுன்சிலர்களைக் கொண்ட குழு ஒன்று இருப்பதே இதற்காக. கட்டட வரைபடத்தோடு மனுக் கொடுங்கள். பேச்சோடு பேச்சாக, ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை கழியும். இழுத்தடித்தால் மாதம் 1 சதவீதம் தண்டம்.

வெள்ளம்: தென்பெண்ணையும் கெடிலமும் நீர்வளத் துறையின் பொறுப்பு. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் கடலூர்க் கரையோரங்களை மூழ்கடித்ததற்கு மேயரைக் கேட்பதில் பொருளில்லை. தெருவில் பெய்த மழை தெருவிலேயே மூன்று நாள் நின்றால் தாராளமாகக் கேளுங்கள். மழைநீர் வடிகாலைத் தூர்வாரும் வேலை மாநகராட்சியுடையது, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பருக்குள் முடிந்திருக்க வேண்டும். பெரிய சாலைகளில் பல நெடுஞ்சாலைத் துறையுடையவை, அங்கே குழிக்கு மனு வேறு அலுவலகத்துக்குப் போகும்.

புதிய பேருந்து நிலையம் எம்.புதூரில் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையில் மட்டும் மேயரும் மன்றமும் நேராகப் பதில் சொல்லியே ஆக வேண்டும். பழைய நிலையம் இருக்கும் திருப்பாதிரிப்புலியூர் கடைக்காரருக்குப் பேருந்து போனால் வியாபாரம் போச்சு. நெரிசலில் தினம் சிக்குபவருக்கு அது எங்கே போனாலும் சரி. முதுநகர்க்காரருக்கு இன்னொரு தூரக் கணக்கு. கருத்து இரண்டாகவும் மூன்றாகவும் பிரிவது இங்கே இயல்பு, கோஷ்டிப் பூச்சு அதன்மேல் பின்னால் ஏறுவது.

பெண் மேயர் என்றாலே "வீட்டுக்காரர்தான் எல்லாம்" என்பது எல்லா ஊரிலும் வரும் பேச்சு. சில ஊர்களில் உண்மை, சில ஊர்களில் வெறும் வம்பு. டீக்கடையில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கூட்டத்தில் கேள்விக்கு யார் எழுந்து பதில் சொல்கிறார், ஆய்வுக்குப் போகும்போது பொறியாளர் யார் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார் என்று கவனித்தால் தெரிந்துவிடும்.

மேயரை எடைபோட நல்ல இடம் மாமன்றக் கூட்டத்தின் அஜெண்டா. அதைப் படிப்பவர் குறைவு. கூட்டத்துக்கு முன்பே கவுன்சிலர் கைக்கு வந்துவிடும், கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் "முன் அனுமதி பெற்றுச் செய்யப்பட்ட பணிக்கு மன்றத்தின் ஒப்புதல்" என்ற வகைப் பொருள்கள் எத்தனை என்று எண்ணுங்கள். குடிநீர்க் குழாய் உடைந்தது, மோட்டார் எரிந்தது என்றால் கூட்டம் வரும்வரை காத்திருக்க முடியாது. மேயர் அனுமதியில் செய்துவிட்டுப் பின்னால் மன்றத்தில் வைப்பார்கள். அதற்குத்தான் அந்த வழி. வண்ணம் பூசியது, பந்தல் போட்டது, ஜே.சி.பி. வாடகை எல்லாம் மாதாமாதம் அந்த வழியிலேயே வந்தால் ஏதோ சரியில்லை. அப்படிப்பட்ட பொருளில் கவுன்சிலர் எழுந்து விவரம் கேட்டாரா, அல்லது "அனைத்தும் நிறைவேறியது" என்று பத்து நிமிடத்தில் முடிந்ததா என்பதையும் பாருங்கள். கையெழுத்து மேயருடையது என்றாலும், வாயைத் திறக்காத 44 பேருக்கும் அதில் பங்கு உண்டு. செலவை எழுதி, டெண்டர் விட்டு, பில் பாஸ் செய்வது ஆணையரும் பொறியியல் பிரிவும். அவர்கள் அரசு நியமித்தவர்கள், மேயரால் மாற்ற முடியாது.

உங்கள் தெரு வேலையில் சந்தேகம் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதுதான் வழி. வெள்ளைத் தாள், 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை, "பொதுத் தகவல் அலுவலர், கடலூர் மாநகராட்சி" என்று முகவரி. 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. பலருடைய மனு கேள்வி எழுதும் விதத்தில்தான் கெடுகிறது. "எங்கள் தெருவை ஏன் தரமில்லாமல் போட்டீர்கள்?" என்று கேட்டால் "கருத்துக் கேள்விக்குப் பதில் தர இயலாது" என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அலுவலகத்தில் இருக்கும் காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: அந்தப் பணியின் மதிப்பீடு, பணி உத்தரவு, எம்-புக் பக்கங்களின் நகல். பக்கத்துக்கு 2 ரூபாய்.

எம்-புக் என்பது அளவுப் புத்தகம். எத்தனை மீட்டர் நீளம், எத்தனை அகலம், எத்தனை கனம் என்று பொறியாளர் அளந்து எழுதியிருப்பார், பில் அதன்படிதான் போகும். பேவர் பிளாக் தெருவென்றால் கல்லின் கனம் 60 மில்லிமீட்டரா 80-ஆ என்று மதிப்பீட்டில் இருக்கும். ஆட்டோ, பைக் போகும் சந்துக்கு 60 போதும், வேனும் தண்ணீர் லாரியும் வரும் தெருவுக்கு 80 வேண்டும். இரு ஓரமும் கான்கிரீட் கரை கட்டினார்களா என்று தனி வரி இருக்கும். அதைக் கட்டாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் அடிமணல் வெளியேறிக் கல் ஒன்றுக்கொன்று விலகிவிடும். தார்ச் சாலையென்றால் பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள். சுரண்டாமல் மேலே மேலே போட்டால் தெரு உயர்ந்து வீட்டு வாசல் தாழும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021 மே மாதமே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். சுரண்டியதாகப் பில் போட்டு, வேலையை மட்டும் செய்யாமல் விட்டிருந்தால் அது வேறு விவகாரம்.

நகல் வந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவின் இரண்டு முனையிலும் நடுவிலுமாக மூன்று இடத்தில் அகலத்தை அளந்து பாருங்கள். எம்-புக்கில் 3.60 என்று இருந்து தெருவில் 3.10 வந்தால், அந்தக் காகிதத்தோடு முதலில் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் போங்கள். மேயர் அறை வாசலில் நிற்பது அதற்கு அப்புறம்.