சென்னையில் வருடம் முழுக்க ஓடி, ஜனவரி மாரத்தானுக்குத் தயாராவது எப்படி?

கேள்வி: "வேளச்சேரியில் இருக்கிறேன். 10 கிலோமீட்டர் நிற்காமல் ஓட முடிகிறது. வரும் ஜனவரியில் 42 கிலோமீட்டர் முழு மாரத்தான் ஓட ஆசை. இந்த ஊர் வெக்கையிலும் மழையிலும் வருடம் முழுக்கப் பயிற்சி சாத்தியமா? எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும்?"

தாராளமாகச் சாத்தியம். பெசன்ட் நகர், அடையாறு, மெரினா பக்கம் ஒரு குழுவோடு பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நம் ஊர் ஓட்டக்காரருக்கு நாட்காட்டியே வேறு. இணையத்தில் கிடைக்கும் பயிற்சித் திட்டங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே வெயில் காலம்தான் தீவிரப் பயிற்சிக்கு உகந்த காலம். அது முடிந்ததும் செப்டம்பர் கடைசியில் பெர்லின், அக்டோபரில் சிகாகோ, நவம்பரில் நியூயார்க் என்று போட்டிகள் வரும். நமக்கு அடித்தளம் போடும் காலமே கத்திரி வெயில்தான். பயிற்சி உச்சத்துக்குப் போவது ஐப்பசி, கார்த்திகை மழையில். போட்டிகள் மார்கழியிலும் தையிலும். அந்தத் திட்டங்களை அப்படியே எடுத்து ஓடினால் மே மாதத்தில் மனசு விட்டுப்போகும், நவம்பரில் திட்டம் குலைந்துபோகும்.

முதலில் வெயில் காலம். ஏப்ரல் முதல் ஜூன் வரை கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைப் பொருட்படுத்தாதீர்கள். ஓடும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அந்த வெப்பத்தைத் தணிப்பது வியர்வை. ஆனால் தோலிலிருந்து ஆவியாகும் வியர்வைதான் குளிர்ச்சி தரும், தரையில் சொட்டும் வியர்வையால் ஒரு பயனும் இல்லை. மே மாத விடியலில் சென்னையில் வெப்பநிலையே 28 டிகிரி சுமாருக்கு இருக்கும், காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி நிற்கும். வியர்வை ஆவியாக வழியில்லை. கால் தசைகளுக்கும் ரத்தம் வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் ரத்தம் வேண்டும். இரண்டையும் சமாளிக்க இதயம் வேகமாக அடிக்கிறது. டிசம்பரில் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்தில் நிம்மதியாக ஓடுகிற ஒருவர் மே மாதத்தில் ஏழேகால் நிமிடம் எடுத்துக்கொண்டால் அவர் பின்தங்கிவிட்டார் என்று அர்த்தம் இல்லை. உழைப்பு அதேதான்.

உலகத்தரமான வீரர்களுக்கும் இதே கதைதான். 2019 உலகத் தடகளப் போட்டி தோஹாவில் நடந்தபோது, வெயிலுக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்படியும் வெப்பம் 30 டிகிரிக்கு மேல், கூடவே கடலோரப் புழுக்கம். தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. முதலில் வந்த கென்ய வீராங்கனையின் நேரம் 2:32:43. அதே வருடம் ஜனவரியில் அவர் துபாயில் ஓடிய நேரம் 2:17:08. ஒரே ஆள், ஒரே வருடம், கால் மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். மே மாதத்தில் "நான் ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறேன்" என்று யாராவது வருத்தப்பட்டால் இந்த இரண்டு எண்களைத்தான் நான் சொல்வேன்.

அப்போ வெயில் காலத்தில் ஓடுவதால் என்ன லாபம்? நிறைய இருக்கிறது. சூட்டில் தொடர்ந்து மிதமாக ஓடினால் பத்துப் பதினான்கு நாட்களில் உடம்பு பழகத் தொடங்கிவிடும். ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமே வரத் தொடங்குகிறது, வியர்வையில் வீணாகும் உப்பு குறைகிறது. ஓட்டத்தை நிறுத்திவிட்டு முழு நேரமும் ஏசியில் இருந்தால் சில வாரங்களில் இந்தப் பழக்கம் கலைந்துவிடும். அதனால் மூன்று மாதமும் ஜிம் டிரெட்மில்லிலேயே ஓடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வாரம் நான்கு நாள், பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஓடும் அளவு வேகம், ஞாயிறு லாங் ரன், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டம், 12 முதல் 14 கிலோமீட்டர். அது போதும். மிச்ச நேரத்தை வீட்டில் ஸ்குவாட், குதிகால் தூக்குதல், பிளாங்க், ஒற்றைக்கால் பயிற்சிகளுக்குக் கொடுங்கள், வாரம் இரண்டு முறை. முப்பதாவது கிலோமீட்டரில் இடுப்பு தொய்யாமல் காப்பாற்றுவது இந்த வேலைதான். நம் ஊர் தட்டை, மேடு வேண்டுமென்றால் மேம்பாலம்தான். முடிந்தால் ஒரு வார இறுதியில் ஏலகிரி போய் அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக ஏறிப் பாருங்கள். தொடைக்கு அதைவிட நல்ல பயிற்சி பக்கத்தில் கிடையாது.

நாலரைக்கு, தள்ளிப்போனால் ஐந்து மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். ஆறரைக்கு மேல் முதுகில் விழும் வெயில் எல்லாக் கணக்கையும் மாற்றிவிடும். மாலையில் கடல்காற்று சுகமாகத்தான் இருக்கும், ஆனால் தார்ச்சாலை அன்றைய சூட்டை முழங்கால் உயரத்துக்கு வெளியே விட்டுக்கொண்டிருக்கும். இன்னொன்று, இது விளையாட்டல்ல: ஓடும்போது உடம்பு சில்லிட்டு மயிர்க்கூச்செறிந்தாலோ, தலை சுற்றினாலோ, பேச்சு குழறினாலோ உடனே நிறுத்துங்கள். கூட வருபவருக்கு இப்படி ஆனால் நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறி, மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். "கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்கக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் எல்லோரும் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. உங்கள் உடம்புக்கான கணக்கு அதில் தெரிந்துவிடும். தாகத்துக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்துதான், ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். முடித்த பிறகு தொப்பி விளிம்பில் வெள்ளைக் கோடாக உப்புப் பூத்திருந்தால் நீங்கள் உப்பு அதிகம் இழக்கும் ரகம். ஓடிவிட்டு வந்ததும் உப்புப் போட்ட மோர், நீண்ட ஓட்டத்தில் கையோடு ஓ.ஆர்.எஸ். கலந்த தண்ணீர். பிபி இருப்பவர்கள் உப்பு பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஒரு அரை மாரத்தானில் பெயர் கொடுங்கள். ஆகஸ்ட் ஹைதராபாத் மாரத்தான் மேம்பாலமும் மேடுமாக இருக்கும், நல்ல பாடம். செப்டம்பர் லடாக் போட்டியின் படங்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். லே ஏறக்குறைய 3500 மீட்டர் உயரம், அதற்குத் தனித் தயாரிப்பு வேண்டும்.

செப்டம்பர் நடுவில் உண்மையான கணக்கு தொடங்குகிறது. ஜனவரி முதல் பாதியில் சென்னை மாரத்தான் என்றால் பின்னோக்கி எண்ணினால் 16 வாரம். அந்த நேரத்தில் 18 கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓடியிருக்க வேண்டும். வாரா வாரம் லாங் ரன்னில் இரண்டு கிலோமீட்டர் கூட்டி, நான்காவது வாரம் குறைத்து, நவம்பரிலிருந்து டிசம்பர் நடுவுக்குள் 28 முதல் 32 வரை மூன்று ஓட்டங்கள். அந்த மூன்றும் சரியாக வடகிழக்குப் பருவமழையில் போய் மாட்டும். அதனால் முதலிலேயே இரண்டு வாரம் கையிருப்பு வைத்துத் திட்டம் போடுங்கள். ஞாயிறு புயல் என்றால் புதன் விடிகாலையில் ஓடுங்கள், அதுவும் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். விட்ட 28-ஐயும் அடுத்த 30-ஐயும் ஒரே வாரத்தில் ஓடி ஈடு செய்யப் பார்த்தவர்கள்தான் எங்கள் குழுவில் அதிகம் காயம்பட்டவர்கள்.

மழையில் ஓடலாம், தேங்கிய தண்ணீரில் ஓடக் கூடாது. தரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கால் வைக்கவே வேண்டாம். திறந்த மேன்ஹோல் இருக்கலாம், அறுந்த மின்கம்பி கிடக்கலாம், மின்பெட்டி நனைந்திருக்கலாம். காலில் சிராய்ப்பு இருந்தால் எலிக் காய்ச்சல் பயமும் உண்டு. நனைந்த ஷூவின் உள்அட்டையை வெளியே எடுத்து, உள்ளே பழைய தினத்தாளைக் கசக்கித் திணித்து, ஃபேனுக்குக் கீழே சாய்த்து வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் தாள் ஊறிப்போயிருக்கும், மாற்றுங்கள். அடுப்புப் பக்கம் வைத்தால் பசை விட்டுவிடும். கார்த்திகையில் அப்படியும் ஒரு நாளில் காயாது, இரண்டு ஜோடி இருந்தால் மாற்றி மாற்றி ஓடலாம். தொடை இடுக்கு, அக்குள், ஆண்களுக்கு மார்பு என்று உரசும் இடமெல்லாம் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். நனைந்த பருத்திச் சட்டை மூன்று மணி நேர ஓட்டத்தில் தோலை ரணமாக்கிவிடும்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டதற்குப் பலன் நவம்பரில் ஒரு காலையில் தானாக வரும். மழை விட்டிருக்கும், 23 டிகிரி, லேசான காற்று. வழக்கம்போல் பேசிக்கொண்டே ஓடுவீர்கள், கடிகாரத்தைப் பார்த்தால் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் குறைந்திருக்கும். மூச்சு வாங்காது. கோடை முழுக்க உழைத்த உழைப்பு அந்தக் காலையில் வெளியே வருகிறது. எனக்கு வருடத்திலேயே மிகவும் பிடித்த நாட்கள் இவைதான், போட்டி நாளைவிடவும்.

நீண்ட ஓட்டங்களில் சாப்பாட்டையும் பழக்குங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி அல்லது ஒரு பழம், அப்புறம் வழியில் கொட்டை எடுத்த பேரீச்சம்பழம். கடலை மிட்டாய் பலருக்குப் பிடிக்கும், எனக்கு வறண்ட வாயில் ஒட்டிக்கொள்கிறது. பாக்கெட்டில் வரும் மாவுச்சத்து ஜெல் ஒத்துக்கொள்ளுமா என்பதையும் இந்த ஓட்டங்களிலேயே பார்த்துவிடுங்கள். போட்டியன்று வாயில் புதிதாக எதையும் போடக் கூடாது.

மார்கழி பிறந்ததும் தூரத்தைக் குறைக்க வேண்டும். கடைசி இரண்டு, மூன்று வாரம் இப்படிக் குறைப்பதைத்தான் டேப்பர் என்கிறோம். கால் துறுதுறுவென்று இருக்கும், சளி பிடிப்பதுபோல் இருக்கும், எல்லோருக்கும் வருவதுதான். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும், ஐந்து மணிக்கே வாசலில் கோலம் போட ஆட்கள் இருப்பார்கள். எங்கள் குழுப் பெண்கள் இந்த ஒரு மாதம்தான் தெருவில் தனியாகவும் தைரியமாக ஓட முடிகிறது என்கிறார்கள். கோலத்தைச் சுற்றி ஓடுங்கள், மிதித்துவிடாதீர்கள்.

போட்டியன்று சென்னை மாரத்தான் சமீப வருடங்களில் நேப்பியர் பாலத்திலிருந்து இருட்டிலேயே கிளம்புகிறது. கடற்கரைச் சாலையில் கூட்டத்தோடு போகும் முதல் பத்து கிலோமீட்டர் அவ்வளவு சுலபமாகத் தெரியும், அங்கேதான் கட்டுப்பாடு வேண்டும். ஐந்து மணி நேரத்தில் முடிக்கிறவருக்குக் கடைசி இரண்டு மணி நேரம் வெயிலில்தான் போகும். அதற்காகச் சக்தியை மிச்சம் வைத்திருக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கு நேரடியாக: ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் தொடங்கினால் வரும் ஜனவரியில் முழு மாரத்தான் ஓடலாம். செப்டம்பரில் இன்னும் 10 கிலோமீட்டரில்தான் நிற்கிறீர்கள் என்றால் இந்த முறை அரை மாரத்தானில் பெயர் கொடுங்கள். உடம்பு நன்றாக ஒத்துழைத்தால் 20 மைல் பிரிவும் இருக்கிறது, 32 கிலோமீட்டர். நாற்பதைத் தாண்டியவர், அல்லது வீட்டில் யாருக்காவது இதய நோய் இருந்தவர் என்றால் எதற்கும் முன்னால் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

முடித்த பிறகு இரண்டு வாரம் ஓட வேண்டாம், நடந்தால் போதும். பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தான் வரும். செம்மண் பாதை, மரநிழல், நேரக் கணக்கும் கிடையாது, தரவரிசையும் கிடையாது. கண்டிப்பாகப் போங்கள், ஆனால் 10 கிலோமீட்டர் பிரிவில் மட்டும் ஓடுங்கள். 42 கிலோமீட்டர் ஓடிய கால் அதற்குள் முழுசாகத் தேறியிருக்காது.