ஐடியா இருக்கு, எப்போ ஆரம்பிக்கிறது?

கேள்வி: நாச்சியார்கோவில்ல குத்துவிளக்கு செய்யுற எங்க மாமாவுக்கு வெப்சைட் போடணும்னு ரெண்டு வருஷமா நினைக்கிறேண்ணே, டிசைன் முழுசா கத்துக்கிட்டு ஆரம்பிக்கவா? — கும்பகோணம் வாசகர்

பதில்: வேணாம் தம்பி, இன்னிக்கே ஆரம்பி. 1991ல, வெப்பைக் கண்டுபிடிச்ச டிம் பெர்னர்ஸ் லீ போட்ட உலகத்தோட மொத வெப்சைட்டே வெறும் எழுத்தும் லிங்க்கும்தான். நீ எச்டிஎம்எல்ல, அதான் வெப் பக்கம் எழுதுற மொழியில, ஒரே ஒரு பக்கம் எழுது, விளக்கோட போட்டோ, உயரம், எடை, விலை, மாமாவோட வாட்ஸ்அப் நம்பர் போதும், ஆனா போட்டோ சைஸ கட்டாயம் குறைச்சுப் போடு, நிறையப் பேரு போன்லதான் பாப்பாங்க, பெரிய படம்னா திறக்குறதுக்குள்ள போயிடுவாங்க. நாச்சியார்கோவில் விளக்குக்குப் புவிசார் குறியீடு இருக்குல்ல, அதை மேலயே எழுது. வேலைக்கு இன்டர்வியூ போனாலும் சர்டிபிகேட்டுக்கு முன்னாடி இந்தப் பக்கத்தைக் காட்டு, நான் ஆள் எடுத்தா அதைத்தான் பாப்பேன். ஆடிப்பெருக்குக்குள்ள முடிச்சுட்டு எனக்கும் லிங்க் அனுப்புப்பா.