அம்மாவோடு மலைக்குப் போகிறீர்களா?

மலைச் சுற்றுலா பற்றி வந்த கேள்விகளில், அம்மாவும் மகளும் மட்டும் சேர்ந்து கிளம்புகிறவர்கள் கேட்டவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறார். நாங்கள் 3 இரவு தங்கப்போகும் ஊர் 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கேபிள் காரில் 3,400 மீட்டர் காட்சிமுனைக்குப் போகலாம். போய் இறங்கிய அன்றே அதை முடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அதை 3ஆம் நாளுக்குத் தள்ளிவையுங்கள். கேபிள் கார் சில நிமிடங்களில் மேலே கொண்டுபோய் விட்டுவிடும், உடம்பு பழகுவதற்கு நாள் கணக்கில் ஆகும்.

எந்த உயரத்திலும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். 2,800 மீட்டரில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 71 சதவீதம், 3,400 மீட்டரில் 66 சதவீதம். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்ஸிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். பலர் ஏமாறுவது ஒரு விஷயத்தில்தான். இந்த ஆக்ஸிஜன் குறைவால் வரும் உயர நோய், ஊரில் போய் இறங்கியதுமே தெரியாது. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். மாலையில் "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, வா போகலாம்" என்று உற்சாகமாகக் கிளம்புகிறவர் நள்ளிரவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தலைவலியோடு குமட்டல், பசியின்மை, கிறுகிறுப்பு, அசதி ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலே உயர நோய் என்று எடுத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

முடிந்தால் போகும் வழியில் 1,500 முதல் 2,000 மீட்டருக்குள் ஓர் ஊரில் ஓர் இரவு தங்குங்கள். முதல் நாள் மேலே போய்ச் சேர்ந்ததும் மெதுவான நடை மட்டும் போதும். சுமை தூக்குவது, மது, தூக்க மாத்திரை கூடாது. காட்சிமுனைக்குப் போகும் நாளில் 1 மணி நேரம் இருந்துவிட்டு இறங்கிவிடுங்கள். பகலில் எட்டிப்பார்த்த உயரத்தைவிட இரவில் தூங்கும் உயரம்தான் முக்கியம்.

தலைவலி வந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. கூடிக்கொண்டே போனால் 300 முதல் 1,000 மீட்டர் வரை கீழே இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, குதிகாலை அடுத்த காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறாரா? விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரத்திலேயே வண்டி பிடித்துக் கீழே இறங்கி மருத்துவமனைக்குப் போங்கள். கடையில் விற்கும் சின்ன ஆக்ஸிஜன் டப்பா சில நிமிடங்களுக்குத்தான் வரும். கீழே இறங்குவதற்கு அது ஈடாகாது.

முதல் சில நாட்கள் பி.பி. சற்றுக் கூடுவது வழக்கம். நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கிளம்பும் முன்பே மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். உயர நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை அம்மாவுக்கு ஏற்றதா என்பதையும் அவரே சொல்லட்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் தெரிவியுங்கள்.

கேள்வி: கொண்டை ஊசி வளைவு வந்தாலே அம்மாவுக்கு வாந்தி. பாதிப் பயணம் அதிலேயே போய்விடுகிறது.

பதில்: வண்டி திரும்புவதைக் காதின் உட்பகுதி உணர்கிறது. வண்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் கண் அதை உணர்வதில்லை. இந்த முரண்தான் குமட்டலாகிறது. அம்மாவை முன் இருக்கையில் உட்காரவைத்து, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போன் பையில் இருக்கட்டும். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. வாந்தியைத் தடுக்கும் மாத்திரை போடுவதானால் கிளம்புவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். இந்த மாத்திரைகள் பலவற்றால் தூக்கம் வரும். கண் அழுத்த நோய் இருப்பவர்கள் கேட்காமல் எடுக்கக்கூடாது.

இறங்கும்போது ஓட்டுநர் எந்த கியரில் போகிறார் என்றும் கவனியுங்கள். கீழ் கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கருகல் வாடை வந்தால் நிறுத்தச் சொல்லத் தயங்க வேண்டாம்.

கேள்வி: அருவிக்கு 400 படி. ஏறுவது பரவாயில்லை, இறங்கும்போதுதான் அம்மாவுக்கு முட்டி வலிக்கிறது. என்ன செய்வது?

பதில்: இறங்கும்போது உடல் எடை முழுவதையும் தொடைத் தசை நீண்டபடியே இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பாரம் முட்டிச் சில்லின் மேல் விழுகிறது. நீளம் மாற்றக்கூடிய மலைநடைக் கோல் இரண்டு இருந்தால் பாரத்தில் ஒரு பங்கு கைகளுக்குப் போய்விடும். சமதரையில் முழங்கை 90 பாகை மடங்கும் நீளம் சரி. இறங்கும்போது 5 முதல் 10 செ.மீ. நீட்டிக்கொள்ளுங்கள். பூட்டு இறுகியிருக்கிறதா என்று கோலைத் தரையில் ஊன்றி அழுத்திப் பாருங்கள். பாதிப் படியில் கோல் உள்ளே வாங்கிக்கொண்டால் சறுக்கிவிடும்.

இறங்கும் வரிசை இதுதான்: முதலில் கோல்கள் கீழ்ப்படியில், அடுத்து வலிக்கும் கால், கடைசியில் நல்ல கால். ஏறும்போது நல்ல கால் முதலில். நீங்கள் ஒரு படி கீழே, சற்றுப் பக்கவாட்டில் இறங்குங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அம்மாவின் நிலை தடுமாறும். தேவைப்படும்போது அவரே உங்கள் தோளில் கை வைக்கட்டும்.

ஷூ புதிதாக இருக்கக்கூடாது. குறைந்தது 2 வாரம் போட்டுப் பழகியிருக்க வேண்டும். இறங்குவதற்கு முன் கணுக்கால் பக்கம் நாடாவை இறுக்கிக் கட்டினால் விரல் நுனி முன்னால் போய் இடிக்காது. ஈரமான பாசிப் படி எந்த ஷூவுக்கும் வழுக்கும். அப்படி இருந்தால் அருவியை மேலிருந்தே பாருங்கள்.

கேள்வி: நான் இன்சுலின் போடுகிறேன், வயது 58. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் சதவீதத்தைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டரும் மகள் வாங்கிவைத்திருக்கிறாள். குளிரில் இவற்றை எப்படிக் கையாள்வது?

பதில்: உறைந்துபோன இன்சுலினை உருகவைத்தும் பயன்படுத்தக்கூடாது. இரவில் அதைக் காரில் விட்டுவிடாதீர்கள். வெளியே போகும்போது சட்டைக்குள், உடம்புச் சூடு படும்படி வையுங்கள். சுகர் பார்க்கும் கருவிகளில் பல 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சரியாக வேலை செய்யாது, அதையும் அப்படியே வையுங்கள். நாள் முழுக்க நடந்தால் இரவில் சுகர் இறங்கி நடுக்கம் வரக்கூடும். அந்த நடுக்கத்தைக் குளிர் நடுக்கம் என்று விட்டுவிடாமல் சுகரைப் பார்த்துவிடுங்கள்.

ஆக்ஸிமீட்டரைச் சில்லிட்ட விரலில் மாட்டினால் எண் குறைவாகவே காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இல்லாத விரலில் மாட்டி, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். 2,800 மீட்டரில் 90ஐ ஒட்டிய எண் பலருக்கும் இயல்பே. உடல்நிலை மோசமாக இருந்தால் எண் நன்றாகக் காட்டினாலும் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்பு வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, உயிரைப் பறித்துவிடும். ஒரே அறையில் இருவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், உயர நோயா என்று யோசிப்பதற்கு முன் அறையை விட்டு வெளியே வாருங்கள்.

கேள்வி: மகளுக்கு எல்லாச் சிகரமும் பார்க்க ஆசை. என்னால் அவளுக்குத் தடையாகிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: தயங்காமல் போங்கள் அம்மா. இரண்டு பேரும் எல்லாவற்றையும் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்று இல்லை. விடியற்காலைக் காட்சியைச் சேர்ந்து பாருங்கள். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலே எழும்பி மேகமாகிவிடும், மதியத்துக்குள் சிகரம் பெரும்பாலும் மறைந்துவிடும். அதன்பின் ஆள் நடமாட்டமுள்ள பாதையில் மகள் அரை நாள் தனியே நடந்துவிட்டு வரட்டும்.

பிரியும் முன், செல்போன் சிக்னல் கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு பேசிமுடியுங்கள். சந்திக்கும் இடம் கூரையுள்ளதாக, உட்கார வசதியுள்ளதாக இருக்கட்டும். தங்கும் விடுதியின் பெயர், தொலைபேசி எண், மாத்திரைகளின் பெயர் எழுதிய தாள் ஆளுக்கொன்று வேண்டும். சொன்ன நேரத்துக்கு 1 மணி நேரம் தாண்டியும் மகள் வராவிட்டால், நீங்கள் தேடிக்கொண்டு பாதையில் இறங்காதீர்கள். அவள் போன பாதையின் பெயரை விடுதிக்காரர்களிடம் சொல்லி, அங்கேயே இருங்கள்.